அருவிக்கரையில் கூப்பிட்ட பெயர்

“ஏமே, யாரு பயந்தா? குளுருலதான் நடுங்கினேன்!”

நான் எத்தனை முறை சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டாய். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் விடுகிறாயா? நாளைக்குக் குற்றாலம் போகப் பையன் வேன் பேசியிருக்கிறான். என்னையும் கூப்பிடுகிறான். துண்டு எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அந்தப் பழைய மஞ்சள் துண்டில் இன்னும் குற்றாலத்து மசாஜ் எண்ணெய் வாசனை. உடனே சண்டைக்கு வந்துவிட்டாய்.

நாம் இரண்டு பேரும் குற்றாலம் போன அன்றும் இதே மார்கழிக் குளிர். ராயபுரத்தில் பஸ் ஏறும்போதே ஆரம்பித்தாய்.

“கடலுக்குப் போற ஆளு, அருவிக்கு இன்னாயா முழிக்கிற?”

கடல் காலுக்குக் கீழே கிடக்கும். இது தலைமேல் வந்து விழுகிறதே!

அருவியில் ஆண்கள் பக்கம் நான், பெண்கள் பக்கம் நீ. ஐயப்ப சாமிகளுக்கு நடுவில் தலையைக் கொடுத்தேன். சட்டென்று தண்ணீர் செம்மண் நிறமானது. மரக்குச்சி ஒன்று தோளில் அடித்தது. நம் பக்கத்து ஆலைச் சங்கு மாதிரி ஒரு சத்தம். “வெள்ளம் வருது, வெளிய வாங்க!” என்று போலீஸ்காரர் கத்தினார்.

பெண்கள் பக்கம் ஓடினேன். ஈரத் தலைகள் வந்துகொண்டே இருந்தன. உன் தலை இல்லை.

கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னை “ஏமே” என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். நம் குப்பத்தில் எவன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்? “ஏமே!” என்று கத்தினேன். பாதிப் பெண்கள் திரும்பினார்கள், ஒருத்தி முறைத்தாள். நீ இல்லை. அருவி இன்னும் சிவந்தது. உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். அந்த இரைச்சல் அதை விழுங்கிக்கொண்டே இருந்தது.

“இன்னாயா, என் பேர ஏலம் வுட்டுகினு கீற?”

பின்னால் நின்றாய். கையில் சூடான பஜ்ஜி. தலையில் சொட்டு ஈரமில்லை.

“அருவியப் பாத்ததுமே பேஜாராயிட்ச்சு. நான் உள்ளயே போவல.”

அப்போது நான் அழுதேன் என்று ஊரெல்லாம் சொன்னாய். அது அருவித் தண்ணீர்.

வருகிறேன் என்று பையனிடம் இன்னும் சொல்லவில்லை. “இன்னா நைனா, பயமா?” என்கிறான். உன் பிள்ளைதானே! தண்ணீருக்குப் பயமில்லை. அங்கே நின்றால் என் வாய் என்னை மீறி உன் பெயரைச் சொல்லிவிடும். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பயம்.

அன்றைக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னதில்லை. தொண்டையிலேயே இருக்கிறது. போகட்டுமா, வேண்டாமா, நீயே சொல். பதில் கேட்டால் மீன்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொள்கிறாய். “வேலயப் பாருயா” என்று நடக்கிறாய்.

ஏமே, நில்லு. நாளிக்கு அங்க நின்னு கூப்ட்டா, நீ பின்னால வந்து...