இடம் மாறிய குச்சிகள்

என் தொல்லை தாங்காமல் நெமிலிக்குக் கல்யாணம் கட்டிக்கொண்டு ஓடிப்போன அக்காவுக்கு,

போனில் சொன்னால் அம்மா காதில் விழும். அதனால் மாமா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திட்டு, ஆனால் சீக்கிரம் திட்டி முடி.

பாலாறு கரையை எவ்வளவு தின்கிறது என்று பார்க்க, நம் தெருவுக்குப் பின்னால் அதிகாரிகள் சிவப்புக் குச்சிகள் நட்டார்கள் இல்லையா? விளிம்பிலிருந்து சரியாகப் பத்தடி. வருஷம் பூராவும் பெய்ய வேண்டிய மழை போன மாதம் மூன்றே நாளில் கொட்டி, நாலடியைக் கொண்டுபோய்விட்டது. நானும் பக்கத்து வீட்டு ஜீவாவும் குச்சிகளைப் பிடுங்கி, மறுபடி பத்தடி வரும்படி வீட்டுப் பக்கமாக நாலடி தள்ளி நட்டுவைத்தோம். அளக்க வருபவர் தலையைச் சொறிவார், சிரிக்கலாம் என்றுதான்.

அவர் சொறியவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "இன்னாம்மா பயம்? கரை அப்படியே இருக்குது. யாரும் காலி பண்ண வேணாம்" என்றார். ஷூ கம்பெனிக்கு லீவு போட்டு மூட்டை கட்டியிருந்த அம்மா எல்லாவற்றையும் பிரித்துவிட்டாள்.

நேற்றிலிருந்து மறுபடி மழை. சமையலறைச் சுவரை ஒட்டித் தரையில் விரிசல். என் கை உள்ளே போகிறது. "எலி வேலைடி" என்று அம்மா மண்ணைப் போட்டு மிதிக்கிறாள்.

காலையில் குச்சிகளைப் பிடுங்கி, பழைய குழிகளிலேயே நட்டுவிடலாம் என்று போனேன். குழிகள் இருந்த இடத்தில் ஆறு ஓடுகிறது.

ஏதாவது பொய் சொல்லி அம்மாவை இன்றே அங்கே வரவழைத்துவிடு. நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லப் போகிறேன். நான் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

வாலைச் சுருட்டிக்கொண்ட
உன் வாலு