மாடி வாடகை

மார்ச் 3
காலையில் விளக்கேற்றி உட்கார்ந்தேன், தம்பி வந்துவிட்டான். காபியைக் குடித்து முடிக்கும் வரை நல்லாத்தான் பேசினான். அப்புறம், "அக்கா, அப்பா வீட்டுல என் பங்கைக் குடுத்துடு. முடியலன்னா வித்துடலாம்" என்றான். மாடியில் தையல்காரியும் அவள் புருஷனும் இருக்காங்களே, அவங்க எங்கடா போவாங்க என்றேன். "அவ உனக்கு யாரு? நான்தானே உன் தம்பி?"
யாராம்! பதினோரு வருஷமா பெரியம்மா பெரியம்மான்னு காலைச் சுத்துற பொண்ணு. எனக்குப் பிள்ளை இல்லைங்கிற நினைப்பே வராம பாத்துக்கிட்டவ. முருகா, நீதான் கேக்கணும்.

மார்ச் 9
தம்பி பங்கை நானே வாங்கிடலாம்னு பேங்குக்குப் போனேன். அதிகாரி சின்னப் பெண், நல்ல மாதிரி. "உங்களுக்குச் சம்பளம் இல்லைங்கறது பரவாயில்லம்மா. மாடி வாடகையை வச்சுத்தான் கடன் தருவோம். தவணை கட்டினது போக அதுல கொஞ்சம் மிஞ்சணும்" என்றாள்.
பாஸ்புக்கைப் புரட்டினாள். "வருஷா வருஷம் ஒரு மாசம் வாடகையே வரலையே, ஏன்?"
"அது என் வீட்டுக்காரர் தவறிப்போன மாசம். அந்த மாசம் வாடகை வாங்கறதில்லைன்னு சாமிகிட்ட சொல்லியிருக்கேன்."
"எங்க கம்ப்யூட்டருக்கு சாமியைத் தெரியாதேம்மா!" இரண்டு பேரும் சிரித்தோம்.
அப்புறம் சொன்னாள், வாடகை இரண்டு மடங்கு ஆகணுமாம். ஒரு மாசமும் விடக்கூடாதாம். சிரிப்பு போச்சு.

மார்ச் 10
வாடகையை ஏத்தணும்னு சொல்லக் கிளம்பினேன். மாடிப்படி பாதி ஏறித் திரும்பிவிட்டேன்.

மார்ச் 14
தம்பி போனில் யோசனை சொல்கிறான். "பேப்பர்ல மட்டும் ஏத்திக்கோ, கையில பழையதை வாங்கிக்கோ." போடா, அப்புறம் தவணையை எதை வச்சுக் கட்டுவேன்? தாலிக்கொடிகூட அவர் வைத்தியத்துக்கே போயிடுச்சு.
சாயங்காலம் சொல்லிவிட்டேன். தையல்காரி மிஷினை நிறுத்தினாள். வாயில் கடித்திருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். கோபமே இல்லை. திட்டியிருக்கலாம்ல பாவி!
"நீங்க கேட்டு இல்லைன்னு சொல்ற மாதிரி ஆயிடுச்சே பெரியம்மா" என்றாள். அழுதது அவள். அழ வைத்தது நான்.

மார்ச் 30
போய்விட்டார்கள். டெம்போவில் ஏறுமுன் மாடி முழுக்கக் கழுவி விட்டிருக்கிறாள், வர்றவங்களுக்காக.
"நாங்க இருந்தா வீடு போயிடும். போனா வீடாவது உங்களுக்கு இருக்கும். வேற என்ன வழி இருக்கு, நீங்களே சொல்லுங்க?"
போகாதடின்னு ஒரு வார்த்தை — ஏன் சொல்லல நான்? சொல்லி? வீட்டைக் காப்பாத்தணும்னு கிளம்பினதே அவளுக்காகத்தானே? யாருக்குடி இந்த வீடு இப்ப?

ஏப்ரல் 18
மாடிக்கு ஆபீஸ் போகிற அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தாச்சு. மரியாதையான பிள்ளைகள். கேட்ட வாடகை. கடனும் கிடைத்தது. என் தம்பி பணத்தை வாங்கிக்கொண்டு, "இப்ப சந்தோஷமாக்கா?" என்றான். ம் என்றேன்.

மே 2
அவர் தவறிப்போன மாசம். வாடகை வந்தது. வாங்கிக்கொண்டேன்.

மே 11
ஜாக்கெட் தைக்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். "அளவு ஜாக்கெட் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" என்றார் கடைக்காரர். என்னிடம் இருப்பதெல்லாம் அவள் தைத்தது. எதைக் கொடுத்தாலும் தையலைப் பிரிச்சுப் பார்ப்பாரோ என்னவோ. ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிட்டேன்.
சாமி, அந்தப் பொய்யை மட்டும் கணக்குல வைக்காதே.
கடைக்காரர் தன் பெண்சாதியைக் கூப்பிட்டு அளவெடுக்க டேப்பைக் கொடுத்தார். கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.