இரண்டாவது விளக்கு

12.10.1994

நாளை சரஸ்வதி பூசை. வீடு கழுவி, குத்துவிளக்கு மினுக்கி, கடைசியில் காரையும் மினுக்கினேன். அங்கேதான் பிழை விட்டேன்.

தொண்ணூறில் இரவில் வந்து சுடும் ஹெலிக்குப் பயந்து ஊரே லைற்றுக்குக் கறுப்புப் பெயின்ற் பூசியபோது, இவரும் எங்கள் ஒஸ்ரின் காரின் இரண்டு முன்விளக்குக்கும் பூசிவிட்டார். இப்போது சமாதானப் பேச்சு என்கிறார்கள். சந்தனப் பொட்டு வைக்கிற நாளில் கார் கறுப்புக் கண்ணோடு நிற்பதா? இவர் சண்டிலிப்பாய்த் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, பழப்புளியும் செங்கல்தூளும் தேங்காய்ப் பொச்சும் எடுத்துக்கொண்டு கார்க் கொட்டிலுக்குள் போனேன். பெயின்ற் லேசில் விடவில்லை. ஒரு பிடி மணலும் சேர்த்தேன். குத்துவிளக்கு மினுங்கிய உற்சாகத்தில் கை உளையத் தேய்த்தேன்.

தண்ணீர் ஊற்றியபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் பால் ஊற்றிய மாதிரி. இரண்டும்!

இவர் வந்து பார்த்தார். "கண்ணாடியும் குத்துவிளக்கும் உமக்கு ஒண்டே?" அவ்வளவுதான். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன்.

13.10.1994

காருக்குப் பொட்டு வைத்தோம். இவர் என் முகத்தைப் பாராமலே தேங்காய் உடைத்தார்.

10.1.1995

கொழும்பிலிருந்து கடிதம். குணலட்சுமிக்குக் கனடா விசா நேர்முகம், மார்ச் ஆறாம் திகதி. மாப்பிள்ளை பேசி முடித்து இரண்டு வருசம். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டுத் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

தரைவழி பூட்டிக் கிடந்தால் என்ன, மினிபஸ்ஸில் கிளாலிக்குப் போய், வள்ளம் ஏறிக் கடல் தாண்டினால் சரி, எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்றேன். இவர் விடவில்லை. "என்ரை பிள்ளையைக் கண்டவன்ரை மினிபஸ்ஸிலை அனுப்பமாட்டன். நான்தான் கொண்டுபோய் விடுவன்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெற்றோலுக்குத் தடை என்றாலும் மண்ணெண்ணெயில் கார் ஓடும். ஸ்ரார்ட் பண்ண ஒரு மூடி பெற்றோல் போதும். அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. "ஆனால் உந்த விளக்கோடை ஏலாது. வள்ளம் பொழுதுபடத்தான் வெளிக்கிடும். திரும்பி வரேக்கை இருட்டு, ரோட்டெல்லாம் கிடங்கும் குழியும்."

குணம் என்னைப் பார்த்தாள். அவளுடைய கல்யாணம் நான் தேய்த்த தேய்ப்பில் வந்து நிற்கிறது.

18.1.1995

பல்லுப்பொடி போட்டுத் தேய்த்தேன். வாசம் வந்தது, வெளிச்சம் வரவில்லை.

22.1.1995

நகை வேலை செய்யும் கனகலிங்கத்திடம் போனேன். பவுன் இல்லாத ஊரில் அந்த மனிதர் சும்மா இருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, நகைக்கு மெருகு போடும் சிவப்புப் பொடியில் ஒரு சின்னக் கடதாசிச் சரை மடித்துத் தந்தார்.

"இது கண்ணாடியையும் பிடிக்கும் அக்கா. ஆனா நாள்க்கணக்காய்த் தேய்க்கோணும். ஈரத் துணியிலை தொட்டு, வட்டம் வட்டமாய். ஒரு மணல் குறுணி விழுந்தாலும் திரும்ப முதலிலை இருந்துதான்."

"மணலைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதையும்" என்றேன். காசு வாங்கமாட்டேன் என்றார். ஒரு கட்டுப் பனங்கிழங்கு கொடுத்துவிட்டு வந்தேன்.

29.1.1995

ஒரு கிழமையாகச் சமையல் முடிந்ததும் கொட்டிலில் முக்காலி போட்டுத் தேய்க்கிறேன். இடது விளக்கு முதலில். இவருடைய பழைய வேட்டித் துண்டு சிவந்து கிடக்கிறது. நடுவில் காசளவுக்குத் தெளிந்திருக்கிறது. காய்ந்த பிறகும்!

கை தேய்க்க மனம் எங்கேயோ போகிறது. எண்பத்து மூன்று தையில் இதே காரில் கொழும்பிலிருந்து வந்தோம். மாங்குளம் தாண்டப் பொழுதுபட்டு இவர் லைற்றைப் போட, ஒரு முயல் வெளிச்சத்துக்குள் வந்து விழுந்து, விலகத் தெரியாமல் முன்னாலேயே ஓடியது. குணத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. சீற்றில் எழும்பி நின்று, "அப்பா, மெல்ல! மெல்ல!" என்று கத்தினாள். இவர் நடக்கிற வேகத்துக்குக் காரைக் குறைத்து, அரைக் கட்டை தூரம் அந்த முயலுக்குப் பின்னால் ஊர்ந்தார். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோண் அடித்துத் தூஷணத்தால் ஏசினான். முயல் பற்றைக்குள் பாய்ந்ததும் மூன்று பேரும் கைதட்டினோம்.

அந்த ரோட்டில் அப்படி இனி எப்போது போவோம்? அந்த நாளுக்காக ஏங்குகிறேன்.

9.2.1995

இடது விளக்கு முடிந்தது. ஓரத்தில் இரண்டு கீறல் உண்டு, மற்றப்படி கிணற்றுத் தண்ணீர். ஓடிப்போய் இவரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். விரலால் தட்டினார். "ம்" என்றார். சாப்பிடாமலே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பதினெட்டு நாள் தேய்த்தவளுக்கு ஒரு "ம்".

11.2.1995

கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது விளங்கியது. இருபது வருசம் வாடகைக்குக் கார் ஓடிய மனிதர். சின்னச் சத்தம் கேட்டாலே காருக்கு அடியில் கிடப்பவர். இந்த நாலு மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கு எத்தனை தரம் போனார், ஒரு கடையில் பழைய விளக்குக் கண்ணாடி கேட்டாரா? இல்லை. பிள்ளையை அனுப்ப இவருக்கு மனம் இல்லை. அதைச் சொல்ல வாய் வராமல் என் பிழையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

நேரே கேட்டேன். "நீங்கள் அவளை விடப்போறியளோ, இல்லையோ?"

"ஒரு விளக்கோடை போகேலுமே?" என்றார், முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டு.

கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. எனக்கு மட்டும் என்ன, அவள் போகவேணும் எண்டே கிடக்கு?

17.2.1995

இன்று தேய்க்கவில்லை. நேற்றும் இல்லை. முந்தாநாளும் இல்லை. கை உளைவு என்று குணத்துக்குச் சொன்னேன். பொய். வலது விளக்கு இப்படியே கிடந்தால் மார்ச் ஆறு தானாகப் போய்விடும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா இது? நினைத்தேன். எழுதியும் வைக்கிறேன்.

19.2.1995

குணம் முக்காலியில் இருந்து துணியை நனைத்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு ஏலாட்டி நான் தேய்க்கிறன் அம்மா."

"நீ தொடாதை!" என்று பாய்ந்து பறித்தேன். அவள் பயந்துபோனாள். தான் போகிற வழிக்குத் தானே விளக்குத் துடைக்க வேண்டுமா என் பிள்ளை? அப்போதே இருந்து தேய்க்கத் தொடங்கினேன்.

22.2.1995

மத்தியானம் கோயிலால் வந்தேன். இவர் கிணற்றடியில் நின்று கையை உரஞ்சி உரஞ்சிக் கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

"என்ன செய்தனீங்கள்?"

"சும்மா... எப்பிடிக் கிடக்கெண்டு பாத்தனான்."

கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தேன். காலையில் காசளவு இருந்த தெளிவு இப்போது உள்ளங்கை அளவு. சோற்றைப் போட்டேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் சோறு வாங்கினார்.

26.2.1995

காலையில் நான், மத்தியானம் இவர். ஒருவர் தேய்ப்பதை மற்றவர் காணாத மாதிரி நடக்கிறோம். நாளைக்கு முடிந்துவிடும்.

2.3.1995

நேற்றுப் போய்விட்டாள்.

வழி முழுக்க இவர் காரைப் பற்றியே கதைத்தார். கிளச், பிறேக், ரயர். குணம் எல்லாத்துக்கும் "ஓம் அப்பா" என்றாள். கிளாலிக் கரையில் சனமும் பெட்டியும். என் கழுத்தைக் கட்டிக்கொண்டவளை வள்ளக்காரன்தான் பிரித்தான். வள்ளம் வெளிக்கிட்டதும் இவர் காரைத் திருப்பி, இரண்டு விளக்கையும் தண்ணீர்ப் பக்கம் போட்டுவிட்டு நின்றார். வெளிச்சத்துக்குள் அவளுடைய மஞ்சள் சட்டை தெரிந்தது. கையாட்டினாள். கரையில் ஒருவன், "ஐயா, லைற்றை நூருங்கோ! கண் கூசுது" என்று கத்தினான். இவர் நூர்க்கவில்லை. மஞ்சள் மறையும் வரைக்கும் நூர்க்கவில்லை.

திரும்பி வரும்போது ரோட்டில் ஒவ்வொரு கிடங்கும் தெளிவாகத் தெரிந்தது.

26.3.1995

குணத்தின் கடிதம் வந்தது. விசா கிடைத்துவிட்டது. சித்திரைக்குள் பயணமாம். இவர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பின்னேரம் அடுத்த ஒழுங்கை இரத்தினம்மா வந்தாள். அவளுடைய மூத்தவளும் வருகிற புதன்கிழமை கிளாலியால் போகிறாளாம். "அண்ணை, உங்கடை காருக்குத்தான் லைற் நல்ல திறமாய்க் கிடக்கெண்டு சனம் கதைக்குது. என்ரை பிள்ளையையும் ஒருக்காக் கொண்டுபோய் விடுவியளே?"

இவர் எழும்பி நின்றார். "இல்லை இரத்தினம்மா. விளக்குச் சரியில்லை. மங்கிப்போச்சு. மினிபஸ்ஸிலை அனுப்புறதுதான் நல்லது."

கார் கொட்டிலில், முற்றத்தைப் பார்த்தபடி நின்றது. வெயில் பட்டு இரண்டு விளக்கும் பளபளத்தன. இரத்தினம்மா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஓம் இரத்தினம்மா" என்றேன். "என்ரை பிழைதான்."