மூன்றாம் கியரில் உம்முடைய கை

இன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். இடது கையில், முழங்கைக்குச் சற்று மேலே துணி கசங்கி, நாலு விரல் அடையாளம் கறுப்பாகப் பதிந்திருந்தது. கிறீஸ். நீர் இருந்திருந்தால் ஒரு பாட்டம் பேசியிருப்பீர். பேசி முடித்தபின், அந்த இடத்தில் யாருடைய கை பட்டது என்றும் கேட்டிருப்பீர். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த இடம் உம்முடைய இடம். ஷெல் விழுந்த காலத்தில் என் இடது காது போனபிறகு, காரில் என் இடப்பக்கம் இருந்து நீர் கதைப்பது ஒன்றும் எனக்கு விளங்குவதில்லை. கல்யாணம் கட்டிய எல்லா ஆண்களுக்கும் இப்படி ஒரு வரம் கிடைக்காது என்று ஒருநாள் பகிடி விட்டேன். மூன்று நாள் நீர் காரில் ஏறவில்லை. நாலாம் நாள் ஏறி உட்கார்ந்து என் கையைப் பிடித்தீர். ஒருதரம் அமத்தினால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டுதரம் அமத்தினால் நிற்பாட்ட வேண்டும். அமத்தாமல் இருந்தால் எல்லாம் சரி. அன்றிலிருந்து அந்தப் பாஷையில்தான் ஓடினோம். இஸ்திரி போட்ட சட்டை எதுவும் அந்த இடத்தில் கசங்காமல் வீடு திரும்பியதில்லை.

நாலு வருசத்துக்கு முன்பு கார் சோரத் தொடங்கியபோது உமக்கு முழங்கால் வருத்தமும் முற்றியிருந்தது. பஸ் படி ஏற முடியாது. உடுப்பிட்டியில் இருக்கும் தங்கச்சியைப் பார்ப்பதென்றாலும், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதென்றாலும் அந்தப் பழைய டீசல் கார்தான் உமக்குக் கால். அது மிதித்தால் பாயாமல், பின்னால் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. புத்தூர் றோட்டில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஊற்றுகிற எண்ணெயில்தான் பிழை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சண்டைக்காலத்துப் பொருளாதாரத் தடையில், பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவன் அல்லவா? அந்தக் காலத்தில் ஓடிய எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்த வியாதி இருக்கிறது. கார் இருமினாலும் எண்ணெய், நின்றாலும் எண்ணெய். மூன்று கராஜ் ஏறி இறங்கினோம். மெக்கானிக் பொனற்றைத் திறக்க முன்பே நான் எண்ணெய்ப் பிழை என்று சொல்லிவிடுவேன். வயதான மனிசன் சொல்கிறார் என்று அவர்களும் டாங்கியைக் கழுவினார்கள், எண்ணெய் வடிகட்டியை மாற்றினார்கள். கார் அப்படியே இருந்தது.

நீர் மட்டும் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தீர்.

"இஞ்சாருங்கோ, காத்துப் போற மாதிரி ஒரு சத்தம் கேக்குது. சூ எண்டு."

"ஓடுற காருக்குள்ளை காத்து வராமல் வேறை என்ன வரும்? யன்னலைச் சாத்தும்."

"சாத்திப்போட்டும் கேக்குது."

"எனக்குக் கேக்கேல்லை."

"உங்களுக்கு எப்ப கேட்டது?"

அந்தக் கோபத்தில்தான் காரை விற்றுவிட்டு ஓட்டோவில் போவோம் என்றேன். நீர் சண்டை பிடிக்கவில்லை. தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு ஆறுதலாகச் சொன்னீர்: "ஓட்டோக் குலுக்கலுக்கு என்ரை கால் தாங்காது. நீங்கள் போவியள், வருவியள். நான் கேற்றடியிலை நிண்டு றோட்டைப் பாக்க வேண்டியதுதான்." உம்மிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அடுத்த கிழமை சுன்னாகம் சந்தையிலிருந்து புத்தூரில் உம்முடைய தம்பிக்கு விதை வெங்காயம் நாலு மூட்டை ஏற்றிக்கொண்டு போனோம். ஏற்றமும் இறக்கமும் இல்லாத எங்கள் ஊரில் கார் அவ்வளவு சுமையோடு ஓடியது அன்றைக்குத்தான். மூன்றாம் கியரில் போட்டு மிதித்தேன். நீர் என் கையை இறுக்கிப் பிடித்தீர். மெதுவாகப் போகச் சொல்கிறீர் என்று காலை எடுத்தேன். பிடி விட்டது. மறுபடி மிதித்தேன், மறுபடி இறுகியது. என்ன என்று திரும்பிப் பார்த்தால், றோட்டைப் பார்க்கும்படி கையைக் காட்டிவிட்டு, தலையைச் சரித்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர். நாலாம் முறை நானே வேண்டுமென்று மிதித்துப் பார்த்தேன். கால் அமர்ந்தால் கை இறுகும், கால் எழும்பினால் கை தளரும். என் காதுக்கு எட்டாத சத்தம் உம்முடைய கை வழியாக எனக்கு வந்து சேர்ந்தது.

வெங்காயத்தோடு அப்படியே கராஜுக்குத் திருப்பினோம். நான் வாய் திறக்க முன்பு நீர் மெக்கானிக்கிடம் சொன்னதை மறப்பேனா?

"தம்பி, இவர் டொக்டரிட்டைப் போய் வருத்தத்தின்ரை பேரைத் தானே சொல்லி மருந்து கேக்கிற ஆள். இவரை விடும். நான் கேட்டதைச் சொல்லுறன்."

அவர் சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டு, டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் தடித்த றப்பர் குழாயை வளைத்தார். அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்து, எஞ்சின் ஒயில் கசிந்து ஈரமாக இருந்தது. "சும்மா நிக்கேக்கை வெடிப்பு மூடிக்கொண்டு இருக்கும் அம்மா. சுமையோடை மிதிச்சால்தான் காத்து தள்ளித் திறக்கும். காத்து வெளியிலை போனால் எங்கை இழுக்கிறது?" என்றார். நான் பழைய சைக்கிள் ரியூப்பைத் தேடினேன், கிழித்துச் சுற்றிக் கட்ட. "தடை எடுத்துக் கனகாலம். புதுசு போடச் சொல்லுங்கோ," என்று நீர் விழுந்து விழுந்து சிரித்தீர்.

நீர் போய்ப் பதினொரு மாதம். போன கிழமை கார் திரும்பவும் சோர்ந்தது. அதே கறுப்புப் புகை. கனடாவிலிருந்து மகன் போன் எடுத்தான்: "அப்பா, அம்மாவும் இல்லை. ஒரு காதோடை தனியக் கார் ஓட வேண்டாம். வித்துப்போடுங்கோ." ஓம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிற ஆள் பார்க்க வருவதாக இருந்தது. ஆனாலும் உம்மைச் சுமந்த காரை அதன் வருத்தத்தோடேயே இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இன்று காலை சந்தைக்குப் போய் உம்முடைய தம்பிக்கு நாலு மூட்டை வெங்காயம் ஏற்றிக்கொண்டு அதே கராஜுக்குப் போனேன்.

"என்ன ஐயா, இண்டைக்கும் வெங்காயமோ?" என்றார் அதே மெக்கானிக். எண்ணெய் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். நம்பும்.

குழாயை வளைத்துப் பார்த்தார், வெடிப்பு இல்லை. ஓடித்தான் பார்க்க வேண்டும் என்று இடப்பக்கக் கதவைத் திறந்தவர், சீற்றில் இருந்த உம்முடைய சின்னத் தலகணியைக் கண்டு தயங்கினார். நீர் போனபிறகு அதில் யாரும் இருக்கவில்லை. நானே எடுத்து, பின்னால் மூட்டையின்மேல் வைத்தேன்.

"தம்பி, சத்தம் கேட்டால் சொல்லாதையும். எனக்கு அந்தப் பக்கம் கேக்காது. கையை அமத்தும்."

"எவடத்திலை ஐயா?"

"இவடத்திலை."

கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, கூச்சத்தோடு பிடித்தார்.

மூன்றாம் கியர். மிதித்தேன். கை இறுகியது. காலை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, எடுக்க முடியவில்லை. எடுத்தால் பிடி விட்டுவிடுமே. கண் மறைக்கத் தொடங்கவும் ஒருவாறு ஓரத்தில் நிற்பாட்டினேன்.

"இறுக்கிப் பிடிச்சிட்டனோ ஐயா? நோகுதோ?"

"இல்லைத் தம்பி. இது அவ பிடிக்கிற இடம்."

"ஓம் ஐயா. அண்டைக்கும் அம்மாதானே கண்டுபிடிச்சவ," என்றார்.

குழாயின் மற்ற முனையில் கிளிப் தளர்ந்திருந்தது. அவ்வளவுதான், ஒரு முடுக்கோடு சரி. மாதத்துக்கு ஒருதரம் சுமையோடு வந்தால் தான் ஏறி இருந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கேயே நின்று மகனுக்கு எடுத்து, கார் விற்பனைக்கு இல்லை என்றேன். அவன் ஏசினான். நல்லவேளை, போனை இடது காதில் வைத்திருந்தேன்.

வெங்காயத்தை உம்முடைய தம்பி வீட்டில் இறக்கிவிட்டு, தலகணியைத் திரும்ப உம்முடைய இடத்தில் வைத்தேன். உம்முடைய பக்க யன்னலையும் இறக்கிவிட்டேன். மூன்றாம் கியரில் போட்டு நன்றாக மிதித்தேன். கார் பாய்ந்தது. இடது கையை அசைக்காமல் காத்துக்கொண்டிருந்தேன். வீடு வரைக்கும் ஒரு அமத்தலும் இல்லை. எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.