அவர் நம்பாத மாத்திரை

8.8.2006, செவ்வாய்

மத்தியானம் அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "இதுல என்னடி கலந்த?" என்று கேட்டார். செராமிக் கம்பெனித் தூசியில் நுரையீரல் கெட்டு, மூச்சுவிட முடியாமல் கிடந்தவர். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த பிறகு மூச்சு சீரானது. ஆனால் தூக்கம் போய்விட்டது. நான் விஷம் வைப்பதாகத் தெருவெல்லாம் சொல்கிறார்.

"காத்து கருப்பு அண்டியிருக்குது அண்ணி, மந்திரிச்சிப் பாக்கலாம்" என்றாள் நாத்தனார். நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"அந்த மாத்திரைதாம்மா மூளையக் குழப்புது" என்றார் டாக்டர். "ஆனா திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அதுவரைக்கும் நீங்கதான் பாத்துக் குடுக்கணும்."

வீட்டுக்கு வந்து மாத்திரையை நீட்டினேன். "நீ மொதல்ல முழுங்கு" என்றார். அவர் கண்ணெதிரே ஒன்றை விழுங்கினேன். என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் தன்னுடையதை வாங்கினார். நாளைக்கும் இப்படித்தான் கேட்பார். நானும் விழுங்குவேன். வேறு வழி தெரியவில்லை.

இப்போது கூடத்தில் நடந்துகொண்டே இருக்கிறார். அறைக் கதவைத் தாழிட மனம் வரவில்லை. தாழிடாமல் படுக்கவும் பயமாக இருக்கிறது.