நீ இறந்துபோன ஊரிலிருந்து

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே மேய்னில் பனி கொட்டுகிறதாமே, வாசல் பனியை நீயே வாரிக்கொண்டு நிற்காதே. நான் நலம். கல்லூரியில் நான் எடுக்கும் கவிதை வகுப்பு நன்றாகவே போகிறது.

கோபப்படாமல் படி. இந்த நெப்ராஸ்கா ஊரில் நீ இறந்துவிட்டாய்.

போன வருடம் உனக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது வெளியே உட்கார்ந்து பயத்தில் ஓர் இரங்கல் கவிதை எழுதினேனே, அதை இங்கே நூலகத்தில் வாசித்தேன். என் கட்டுரைகளெல்லாம் என் வாழ்க்கையில் நடந்தவை என்பதால் கவிதையையும் கேட்டவர்கள் அப்படியே நம்பிவிட்டார்கள். மறுநாள் வெர்னா என்ற பெண்மணி கதவைத் தட்டினாள். கையில் பெரிய கண்ணாடிப் பாத்திரம் நிறையக் கோழியும் நூடுல்ஸும். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது இங்கேயும் வழக்கம்.

“அம்மா போனா தொண்டையில எதுவும் இறங்காது கண்ணு. இருந்தாலும் ரெண்டு வாய் சாப்பிடு. எங்கம்மா போனப்ப நானும் பட்டினிதான் கெடந்தேன்.”

“இல்லீங்க, எங்கம்மா...” என்று ஆரம்பித்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்லாமல் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். அதைத்தான் தினமும் சூடாக்கித் தனியாகச் சாப்பிடுகிறேன்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பாயே, உன் ‘புளூபெர்ரி பை’ பலகாரத்தின் செய்முறையை எழுதி அனுப்பு. அதைச் செய்து கொண்டுபோய்க் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கம்பளிக் கையுறையையும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி நன்றாகத் திட்டு, உன் குரலைக் கேட்க வேண்டும்.

தபால் வண்டி வந்துவிட்டது. அந்தக் கவிதை இன்னும் ரொம்ப காலத்துக்குப் பொய்யாகவே இருக்கட்டும், அம்மா.

உன் கொரீன்