கழுவி வைத்த கம்பி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் முழுச் சுகம், அப்பா முக்கால் சுகம், மீதிக் கால் சுகத்தை அந்த ஓட்டல்காரனிடமிருந்து பிடுங்காமல் நான் ஓயப்போவதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஓட்டலில் சூப் குடித்துக்கொண்டே உன்னோடு வீடியோவில் பேசும்போது இருமினாரே, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரின் இழை தொண்டையில் குத்தி நின்றதே, அதை ஆஸ்பத்திரியில் எடுத்து ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன், திட்டாதே. வீட்டுக்கு வந்ததும் நான் அந்தக் கம்பியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைத்துவிட்டேன். புதுச் சோப்பையே ஒரு தடவை கழுவிவிட்டு எடுக்கிறவள் நான், கை சும்மா இருக்குமா? வக்கீலம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு, "அதுல ஒட்டியிருந்த சூப்புதாம்மா நமக்குச் சாட்சி, அதைப் போய்க் கழுவிட்டீங்களே" என்றார். சோதனையில் சூப்பின் தடயமே இல்லை என்றதும் அந்த ஓட்டல் முதலாளிக்குக் கொண்டாட்டம். கம்பி எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்துதான் வந்திருக்கும் என்று பதில் அனுப்பினான். என் அடுப்படியிலிருந்தாம்! கம்பி நாரை நான் வீட்டுக்குள்ளேயே விட்டதில்லை, உனக்குத் தெரியாதா.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் அதே ஓட்டல், அதே மேஜை, அதே சூப். கைப்பையிலிருந்து நம் டீ வடிகட்டியை எடுத்து, நாலு பேர் பார்க்க நிதானமாக வடிகட்டுவேன். பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் கிண்ணத்தை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பரிமாறுகிறவர் என்னைக் கண்டாலே சமையல் கட்டுக்குள் நழுவிவிடுவார். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். ஐந்தாவது வாரம் வடிகட்டியில் ஒன்று மின்னியது. கம்பி இழை! கை பரபரத்தது, ஆனால் கழுவவில்லை. ஒரு தட்டைப் போட்டு மூடி, உணவு ஆய்வாளருக்குப் போன் செய்து, அவர் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாத்ரூமுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

இந்தக் கம்பி வேறு, அப்பா தொண்டையில் குத்தியது வேறு என்று அவன் இன்னமும் சாதிக்கிறான். அப்பா அந்த மேஜையில், ஸ்பூனும் கையுமாக இருமியதைக் கண்ணால் பார்த்தவள் நீ. அதனால்தான் உன் வாக்குமூலத்தைக் கேட்டேன். அப்பா உனக்குத் தனியாகப் போன் போட்டு, போனால் போகிறது, அனுப்பாதே என்றாராமே. அவர் மனசு அப்படி. ஆனால் சாப்பிடும்போது அவரைப் பார்த்தாயானால் நீ தாங்கமாட்டாய். ருசியில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிற மனிதர், இப்போது மேஜை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு என் கையால் செய்ததையே கிளறிக் கிளறிப் பார்க்கிறார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் வெட்கப்படுகிறார். இதை நான் மன்னிக்கவேமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதலாளியே பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தான். "பெரிய மனசு பண்ணி கேஸை வாபஸ் வாங்கிக்குங்கம்மா" என்று குழைந்தான். அப்பா தலையாட்டத் தயாராகிவிட்டார். நான் உள்ளே போய்ச் சூப் வைத்துக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். மறுக்க முடியவில்லை அவனுக்கு. ஸ்பூனை எடுத்தான், என்னைப் பார்த்தான், பிறகு குனிந்து அடி வரைக்கும் கிளறிக் கிளறித் தேடினான். என் வீட்டுச் சூப்பை, அப்பா கிளறிப் பார்க்கிற அதே மாதிரி. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள், வெளியே சாப்பிட்டால் வெளிச்சமான இடமாகப் பார்த்து உட்கார். மாப்பிள்ளையும் நீயும் நீண்ட ஆயுளோடு நன்றாயிருக்க வேண்டும். வாக்குமூலத்தில் மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட மறக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

அம்மா எழுதியதைப் படித்தேன் கண்ணு. நான் போனில் சொன்னதை மறந்துவிடு. இன்றைக்கே அனுப்பு.
அப்பா